லோகித் வர்றான்

கேட் இன்னும் திறக்கவில்லை. பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஜெசிந்தா மிஸ் வீட்டில் பிள்ளைகள் மத்தியானத் தூக்கம் கலைந்து எழுந்த பிறகுதான் கேட் திறக்கும். அதற்கு முன்னால் கலெக்டரே வந்தாலும் தெருவில் நிற்க வேண்டியதுதான். வசுமதிக்கு இது தெரியும். தெரிந்தும் ஆபீசில் பர்மிஷன் சொல்லிவிட்டுச் சீக்கிரமே வந்து, எதிர்வீட்டு மதில் நிழலில் ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள். சொல்லப்போகிற வார்த்தைகளை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். மிஸ், நாங்க மூணு பேரும் பேசிட்டோமுங்க. இல்லை, இது வேண்டாம், கும்பல் சேர்த்துக்கொண்டு சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும். கும்பலாகத்தானே வரப்போகிறோம். மிஸ், எங்களுக்கு உங்க மேல ஒரு குறையும் இல்லீங்க. இது நன்றாக இருக்கிறது. குறை சொல்ல வருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள், அவளுக்குத் தெரியாதா? கணபதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் புகார் வாங்குகிற டெலிபோன்தான் அவளுக்குச் சோறு போடுகிறது. மோட்டார் ஓடலை, தண்ணி ஏறலை, காயில் புகையுது என்று பொள்ளாச்சியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் நாள் முழுக்க அவள் காதில் கொட்டுவார்கள். அவளும் சொல்லுங்கண்ணா, சொல்லுங்கண்ணா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அதனால்தான் இங்கே பிள்ளையை விடுகிற மற்ற இரண்டு அம்மாக்கள், பிரீத்தியும் ஷமீமாவும், இந்த வேலையை அவள் தலையில் கட்டினார்கள். நீங்கதான் அக்கா சூடாகாமப் பேசுவீங்க என்றாள் ஷமீமா. மணி கட்டப் பூனை கிடைத்துவிட்டது, கட்டுகிற எலிதான் அவள். சொல்ல வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம். லோகித் இனிமேல் இங்கே வரக் கூடாது, வந்தால் எங்கள் மூன்று பிள்ளைகளும் வராது. மிஸ்ஸிடம் இருப்பதே பத்துப் பிள்ளைகளோ என்னவோ. மூன்று பேர் ஒரே நாளில் நின்றால் ஆயாவை வைத்துக்கொள்ள அவரால் முடியாது. ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். மூன்று வயசுப் பையன் ஒருவனை வெளியே அனுப்ப ஒரு வாக்கியம் போதும், அந்த வாக்கியம் இப்போது வசுமதியின் வாயில் இருந்தது. வாய் வறண்டிருந்தது. தண்ணீர் பாட்டில் ஆபீஸ் மேஜையிலேயே தங்கிவிட்டது.

மூன்று வயசு என்று நினைத்ததும் மனம் ஒரு இடத்தில் தட்டியது. அப்படி நினைக்கக் கூடாது. மூன்று வயசானால் என்ன, பல் பல்தானே. போன செவ்வாய்க்கிழமை மகள் ஆதிரையைத் தூக்கிப்போக வந்தபோது குழந்தை அழுது முடித்து விக்கலில் இருந்தாள். முழங்கைக்குக் கீழே, அந்தப் பஞ்சு மாதிரிச் சதையில், வட்டமாக ஒரு தடம். மேல் வரிசை தனியாக, கீழ் வரிசை தனியாக, எண்ணிவிடலாம் போல. ஒரு இடத்தில் மட்டும் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. ரெண்டரை வருஷமாக எறும்பு கடிக்காமல், கொசு கடிக்காமல், வேர்க்குரு கூட வராமல் பொத்தி வைத்த கை. வசுமதிக்கு அதற்கப்புறம் என்ன நடந்தது என்பது கோர்வையாக நினைவில் இல்லை. லோகித் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டிருந்தான். காது இரண்டும் கொஞ்சம் விரிந்து, மூக்கு ஒழுகி, கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு. இவள் குனிந்து அவன் முகத்துக்கு நேரே விரலை நீட்டினாள். இனி எம்பொண்ணு பக்கம் வந்தே, பாத்துக்க. அவ்வளவுதான் சொன்னாள். அவ்வளவுதானா? சத்தம் எவ்வளவு இருந்தது? மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார் என்றால் கொஞ்சம் இருந்திருக்கத்தான் வேண்டும். நாள் முழுக்க யார் யாரோ திட்டுவதைக் கேட்டுக்கொள்கிறவளுக்குத் திட்ட ஒரு ஆள் கிடைத்தது, அந்த ஆள் அவள் இடுப்பு உயரம் கூட இல்லை. அவன் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. வீட்டுக்கு வந்து கதிர்வேலிடம் காட்டினாள். அவள் புருஷன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நம்ம பொண்ணுக்கும் பல்லு இருக்குதல்ல, திருப்பிக் கடின்னு சொல்லிக் குடு என்றான். சொல்லிவிட்டு டிவியைப் போட்டான். ஆண்களுக்கு எல்லாமே ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. அவளுக்கு அன்றைக்கு ராத்திரி முழுக்க முடியவில்லை. வேலையை விட்டுவிட்டால் என்ன? விட்டுவிட்டு வீட்டுக் கடனை யார் கட்டுவது? வேறு இடம் பார்த்தால்? சரவணம்பட்டியில் ஒரு இடம் பார்த்தாள், ஏசி, கேமரா, சுவர் முழுக்க யானையும் ஒட்டகச்சிவிங்கியும். ஆனால் அங்கே இருந்த பெண்களில் ஒருத்தி கூடக் குழந்தையை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜெசிந்தா மிஸ் வீட்டில் சுவரில் யானை இல்லை, ஆனால் எந்தப் பிள்ளைக்கு எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும் என்று அந்தம்மாவுக்குத் தெரியும். அதை விட்டு நாம் ஏன் போக வேண்டும், அவன் போகட்டுமே. இப்படித்தான் அந்த நினைப்பு வந்தது. வந்ததிலிருந்து நிம்மதியாகவும் இருந்தது, நிம்மதியில் ஒரு நெருடலாகவும் இருந்தது, அரிசியில் கல் மாதிரி, எல்லா வாயிலும் வராது, எந்த வாயில் வரும் என்று தெரியாது.

வெயில் நகர்ந்து ஸ்கூட்டர் சீட்டின் பாதிக்கு வந்துவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றினாள், காதோரம் வேர்த்து வழிந்தது. சரி, மறுபடியும் முதலிலிருந்து. மிஸ், உங்க மேல குறை இல்லீங்க, ஆனா அந்தப் பையன் கடிக்கறான், தள்ளறான், பிடுங்கறான். மிஸ் என்ன கேட்பார்? எதுவும் கேட்க மாட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். வசுமதியாக இருந்தால் கேட்பாள். புகார் மேஜையில் சேர்ந்த முதல் வாரம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த ஒரே கேள்விதான். மோட்டார் எரிந்துபோச்சு என்று எவன் கத்தினாலும், எதிர்த்துப் பேசாதே, மன்னிப்புக் கேட்காதே, அதுக்கு முன்னாடி என்னங்க நடந்துச்சு என்று கேள். கேட்டால் முதலில் ஒன்றும் நடக்கவில்லை என்பார்கள். ஒண்ணுமே நடக்கலைங்க, சும்மா ஓடிட்டு இருந்த மோட்டாருங்க. விடாமல் இன்னொரு தடவை மெதுவாகக் கேட்டால் கொஞ்சம் இறங்குவார்கள். கெணத்துல தண்ணி கீழ போயிருச்சுங்க. சரிங்க, அப்புறம்? ராத்திரி ஆஃப் பண்ண மறந்துட்டேனுங்க. தண்ணியே இல்லாமல் ராப்பூரா ஓடின மோட்டார் எரியாமல் என்ன செய்யும்? ஆனால் எந்தப் புகாரும் அங்கிருந்து ஆரம்பிப்பதில்லை, எரிந்ததிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அப்படியானால் கடித்ததற்கு முன்னால் என்ன? ஒன்றும் இல்லை. சும்மா இருந்த பிள்ளையைக் கடித்தான். வசுமதி வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள், சும்மா ஓடிட்டு இருந்த மோட்டாருங்க என்று தாராபுரத்துக் குரலில் கேட்டது. சே. ஃபோனை எடுத்து பிரீத்தி எங்கே வருகிறாள் என்று பார்த்தாள். கிளம்பிட்டேன் என்று போட்டிருந்தாள், அப்படியென்றால் இப்போதுதான் தலை சீவுகிறாள். அதற்கு முன்னால் பிடுங்கினான், தள்ளினான், அது எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான், ஆதிரையும் சித்தி மகனின் காரைப் பிடுங்கிக்கொண்டு தர மாட்டேன் என்று உருண்டாள். ஆனால் ஆதிரைக்குப் பெயர் கெடவில்லை, லோகித்துக்குக் கெட்டது. எப்போது கெட்டது? சறுக்கு மரத்தில் பிரீத்தியின் மகனை அவன் தள்ளிவிட்டானே, அது மழைக் காலத்தில். அதற்கு அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ இதே கேட் வாசலில் பிரீத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள். என்ன சொன்னாள்? இங்கே வந்து நினைப்பு நின்றது. நின்றது என்றால் சண்டி மாடு நிற்கிற மாதிரி நின்றது, அவள் தார்க்கோலால் குத்தியும் நகரவில்லை. அது வேறு விஷயம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது சாப்பாட்டு விஷயம்.

ஆதிரை சாப்பிடுகிற லட்சணம் ஊருக்கே தெரியும். ஒரு வாய் வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் அது முழுங்குவதற்குள் சோறே புளித்துவிடும். நிலாவைக் காட்டியாயிற்று, நாயைக் காட்டியாயிற்று, செல்ஃபோனைக் காட்டினால் அதைத்தான் பார்க்கிறாள், வாய் மூடியேதான் இருக்கிறது. வேலை முடிந்து வந்து, சமைத்து, பாத்திரம் கழுவக் கிடக்கையில் கையில் தயிர்சோற்றோடு ஒரு மணி நேரம் வீட்டைச் சுற்றுகிறவளுக்குத்தான் அந்த ஆத்திரம் புரியும். எல்லார் வீட்டிலும் இதற்கு ஒரு ஆள் உண்டு. பூச்சாண்டி, பிள்ளை பிடிக்கிறவன், ஊசி போடுகிற டாக்டர். வசுமதிக்கு அவள் அம்மா காட்டியது போலீஸ்காரரை. லைசென்ஸ், ஆர்சி, இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக இருந்தும் சிக்னலில் தொப்பியைக் கண்டால் இன்றைக்கும் அவளுக்கு எச்சில் இறங்காது. ஆனால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் பூச்சாண்டியை நம்புவதில்லை, எங்கே கூப்பிடு பாக்கலாம் என்கின்றன. அப்போதுதான் பிரீத்தி இந்த வாசலில் நின்று சொன்னாள், நான் ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன், லோகித் வர்றான், வாயைத் தொறன்னு சொல்லுங்க, கப்புனு தொறக்கும், அப்படி வேலை செய்யுது. மூன்று பேரும் சிரித்தார்கள். அன்று ராத்திரி வசுமதி சும்மா சொல்லித்தான் பார்த்தாள். கதவுப் பக்கம் திரும்பி, லோகித் வர்றான் பாரு, கடிச்சுருவான், சீக்கிரம் ஆ காட்டு. ஆதிரையின் கண் கதவுக்குப் போனது, வாய் கிணறு மாதிரித் திறந்தது. கிண்ணம் காலியாக எத்தனை நேரம் ஆகியிருக்கும்? விளம்பரம் போட்டு முடிவதற்குள். மாதக்கணக்காக இதுதான் நடக்கிறது. நேற்று ராத்திரி கூட. கையில் கடித்த தடம் மஞ்சளாக மாறிக்கொண்டிருக்க, நேற்று ராத்திரி கூட. வசுமதி ஸ்கூட்டரை விட்டு இறங்கினாள். கடிச்சுருவான் என்று அவள் சொல்ல ஆரம்பித்தபோது அவன் யாரையும் கடித்திருக்கவில்லை. தள்ளியிருந்தான், பிடுங்கியிருந்தான். கடிப்பதை அவனுக்கு முன்னால் அவள் சொன்னாள். சொன்னால் என்ன, அவன் காதிலா போய் விழுந்தது? அவன் அம்மா நாகமணியோடு அந்த ராத்திரியில் எங்கேயோ சங்கனூர் பக்கம் தூங்கிக்கொண்டிருந்திருப்பான். வீட்டுக்குள் சொன்னது கதவுக்கு வெளியே போகுமா? போகாது. அவள் தெருவைக் கடந்து காம்பவுண்டை ஒட்டியிருந்த சந்துக்குள் போனாள். நிழலுக்குத்தான் போனாள். அங்கே ஹால் ஜன்னல் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாதா என்று கேட்டால், தெரியும்.

பிள்ளைகள் எழுந்துவிட்டிருந்தார்கள். ஜன்னலில் கொசுவலை அடித்திருந்ததால் உள்ளே எல்லாம் சல்லடை வழியாகப் பார்க்கிற மாதிரி இருந்தது. ஒருத்தி பாயிலேயே குப்புறக் கிடந்தாள், ஒருத்தன் தலைமுடி நட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஆயா கிண்ணம் கிண்ணமாகப் பொரி போட்டுக்கொண்டு போனாள். ஆதிரை சம்மணம் போட்டு, கிண்ணத்தை மடியில் வைத்து, ஒவ்வொரு பொரியாக எடுத்துப் பார்த்துப் பார்த்துத் தின்றாள். யாரும் பயமுறுத்தாமல், தானாக. வசுமதிக்கு அதைப் பார்க்கவே நெஞ்சு நிறைந்தது, கூடவே கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. லோகித் அந்தக் கடைசியில் தன் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தான். உட்கார இடம் தேடுகிறவன் மாதிரி ஹாலை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் பிரீத்தியின் மகன் பக்கம் நடந்தான். வசுமதி மிஸ் என்று கூப்பிட வாயெடுத்தாள். அந்தப் பையன் நிமிர்ந்தான், லோகித்தைப் பார்த்தான், வாயைத் திறந்தான். அழவில்லை, கத்தவில்லை. பல் தெரிய, நாக்குத் தெரிய, ஆ என்று அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். லோகித் நின்றான். அடுத்தவள் பக்கம் திரும்பினான். அவளும் திறந்தாள். இது என்ன விளையாட்டு என்று ஒரு கணம் வசுமதிக்குச் சிரிப்புக் கூட வந்தது. அவன் ஆதிரை பக்கம் வந்தான். கையை நீட்டினான், கையில் ஒரு பொரி இருந்ததோ, கிண்ணத்தை எடுக்கத்தான் நீட்டினானோ, வலையில் சரியாகத் தெரியவில்லை. ஆதிரையின் கண் விரிந்தது. பெற்றவளுக்குத் தெரியாதா அந்தக் கண்? ராத்திரி ராத்திரி கதவைப் பார்க்கிற கண். வாய் திறந்தது, கிணறு மாதிரி. உள்ளே பாதி மென்ற பொரி, முளைத்து முடியாத கடைவாய்ப் பல். வசுமதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஐயோ, வாயைத் திறக்கின்றன. அவனைக் கண்டால் வாயைத் திறக்கச் சொல்லிப் பழக்கியாயிற்று, பழகிவிட்டன, கெட்டிக்காரப் பிள்ளைகள். அவன் இடத்தில் நின்று பார்த்தால் எப்படி இருக்கும்? யார் பக்கம் போனாலும் அந்த முகம் பல்லைத் திறந்துகொண்டு இவனையே பார்க்கிறது. ஒரு நாள் இல்லை, தினமும். பேசத் திறக்கிற வாய் இல்லை, சிரிக்கத் திறக்கிற வாய் இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், இங்கே இருட்டே வேண்டாம், பட்டப்பகலில் ஊர்ப் பிள்ளை எல்லாம் கடிக்கத்தான் வருகிறது என்று அவனுக்குத் தோன்றாதா? தோன்றினால் அவன் என்ன செய்வான்? முந்திக்கொள்வான். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் முகம் சுருங்கியது, உதடு பல்லை விட்டு ஏறியது, அதற்குள் ஜெசிந்தா மிஸ் எங்கிருந்தோ வந்து அவனை இடுப்போடு தூக்கிக்கொண்டு போய் ஃபிரிட்ஜ் பக்கத்து நாற்காலியில் வைத்தார். ஆதிரை வாயை மூடி, விட்ட இடத்திலிருந்து பொரி தின்ன ஆரம்பித்தாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்து தன் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதுக்கு முன்னாடி என்னங்க நடந்துச்சு. நடந்தது இதுதான். நான் ஆஃப் பண்ண மறந்துட்டேனுங்க. சந்தில் நின்று வசுமதி அழுதாள், பெரிதாக ஒன்றும் இல்லை, துப்பட்டாவால் ஒரு முறை துடைத்தால் போகிற அளவுதான். யாருக்காக அழுகிறோம் என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவள் பிள்ளைக்கு இரண்டு வேளைச் சோறு சுலபமாக இறங்க, இன்னொருத்தி பிள்ளையை எடுத்துப் பூச்சாண்டியாக நிறுத்தியாயிற்று. அந்தப் பூச்சாண்டிக்கு மூக்கு ஒழுகுகிறது, துடைத்துவிட ஆள் இல்லை. இதைப் போய் யாரிடம் சொல்வது? சொன்னால் பிரீத்தி என்ன நினைப்பாள்? சொல்லாமல் விட்டுவிடலாம், வீட்டில் அந்தப் பெயரைச் சொல்வதை நிறுத்திவிடலாம், தானாகச் சரியாகிவிடும். ஆனால் அதற்குள் அவனை வெளியே அனுப்பியிருப்பார்கள், அடுத்த இடத்துக்கு அவன் கடிக்கிற பையன் என்ற பெயரோடுதான் போவான். ஏற்கெனவே ஒரு இடத்திலிருந்து வந்தவன்தான். தெருவில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. பிரீத்தியும் ஷமீமாவும் சொல்லி வைத்த மாதிரி ஒன்றாக வந்து இறங்கினார்கள். ரெடியாக்கா, என்று ஷமீமா கேட்டாள். வசுமதி தலையை ஆட்டினாள், அது எதற்கான ஆட்டல் என்று அவளுக்கே தெரியவில்லை. கேட் திறந்தது.

போர்டிகோவில் மிஸ் நின்றுகொண்டே கேட்டார், உட்காரச் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தே எதற்கு வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது போல. வசுமதி ஓட்டிப் பார்த்த வாக்கியம் ஒன்று கூட வரவில்லை. வந்தது வேறு. சாப்பாட்டு விஷயத்தைச் சொன்னாள், கதவைச் சொன்னாள், கிணறு மாதிரித் திறக்கிற வாயைச் சொன்னாள், ஜன்னலில் பார்த்ததைச் சொன்னாள். புகார் வாங்குகிற குரல் இல்லை இது, புகார் கொடுக்கிறவர்களின் குரல். பிரீத்தியின் முகம் சிவந்தது. எம்பையனை அவன் தள்ளினது நிசம்தானே அக்கா, அதுக்கும் நாந்தான் காரணமா என்றாள். அது நியாயமான கேள்விதான். மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாயைத் திறக்கறதைப் பார்த்தேன், பசியில ஏதோ செய்யுதுகன்னு நினைச்சேன் என்று மட்டும் சொன்னார், யாரையும் குறை சொல்லவில்லை. ஷமீமாதான் செருப்பைப் பார்த்துக்கொண்டே மெதுவாக, எங்க வீட்ல இப்பத் தூங்க வைக்கறதுக்கும் அதான் என்றாள். கடைசியில் பிரீத்தி, சரி, இந்த மாசம் பாக்கலாம், அப்புறம் ஒரு கடி விழுந்தாலும் நான் சும்மா இருக்க மாட்டேன் என்றாள். மிஸ்ஸுக்கு முகம் வெளுத்தது. நான்தான் லோகித் அம்மாவை வரச் சொல்லிட்டேனே என்றார். அவனை நிறுத்தணும் என்று பிரீத்தி காலையிலேயே ஃபோனில் ஜாடையாகச் சொல்லிவிட்டாளாம்.

நாகமணி அப்போதே கேட்டுக்குள் வந்துகொண்டிருந்தாள். கூரியர் ஆபீஸ் சட்டையைக் கூட மாற்றவில்லை, கையில் ஒரு பெரிய கட்டைப்பை, பாய், டம்ளர், மாற்று டிரஸ் எல்லாவற்றையும் எடுத்துப்போக. மூன்று அம்மாக்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்ததும் அவள் நடை மட்டும் கொஞ்சம் குறைந்தது. யாரையும் பார்க்காமல் மிஸ்ஸிடம், இன்னைக்கோட நிறுத்திக்கறேனுங்க, எல்லாருக்கும் எதுக்குச் சங்கடம் என்றாள். எங்கே விடப்போகிறாய் என்று மிஸ் கேட்டார். ஆபீஸ்லயே பார்சல் மூட்டைக்குப் பக்கத்துல உக்கார வெச்சுக்கறேனுங்க என்றாள், அழாமல், அதுவும் ஒரு ஏற்பாடுதான் என்கிற மாதிரி. வசுமதிக்கு அதைத் தாங்க முடியவில்லை. இதைச் சொன்னால் அவள் அறைந்தாலும் அறையலாம், அறையட்டும்.

"நிறுத்தாதீங்க நாகமணி. தப்பு எங்க மேலதான். லோகித் வர்றான், கடிச்சுருவான், வாயைத் தொறன்னு சொல்லித்தான் நாங்க பிள்ளைகளுக்குச் சோறூட்டினோம். அதான் அவனைப் பாத்தா எல்லாம் வாயைத் தொறக்குதுங்க. இவங்க கடிக்க வர்றாங்கன்னு அவன் பயந்திருப்பான்."

நாகமணி அவளையே பார்த்தாள். கட்டைப்பை அவள் கையில் மெதுவாகச் சுழன்றது. கோபம் வருகிற இடத்தில் அவள் முகத்தில் என்னவோ வந்தது, முதலில் வசுமதிக்கு அது சிரிப்பு என்று தெரியவில்லை, கண்ணில் தண்ணீரோடு வந்ததால். நாகமணி புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன சொல்றதுங்க. போன வாரம் நீங்க சத்தம் போட்டதுல இருந்து நான் உங்க பேரைத்தானுங்க சொல்றேன். ஆதிரை அம்மா வர்றாங்க, கடிச்சுருவாங்கன்னு. ரெண்டு நிமிசத்துல தின்னுடறான்."

ஷமீமா துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டாள். மிஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வசுமதிக்குக் காது வரைக்கும் சூடு ஏறியது. அவள் பூச்சாண்டியா? சங்கனூரில் ஒரு வீட்டில், ராத்திரி சோற்றுக் கிண்ணத்துக்கு எதிரில், கதவுக்கு வெளியே அவள் நின்றுகொண்டிருக்கிறாள், தெரியாமலே, ஒரு வாரமாக. இவள் சொன்னது கதவைத் தாண்டிப் போகாது என்று நினைத்தாள், அங்கே இவள் கதவுக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டிருக்கிறாள். சரியாகத்தான் நிறுத்தியிருக்கிறார்கள், சும்மா ஒன்றும் இல்லை. அதற்குள் ஆயா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். முன்னால் லோகித், முதுகில் பை, சட்டையில் பொரி ஒட்டியிருந்தது. படியில் கால் வைத்தவன் வசுமதியைப் பார்த்தான். கை இரண்டும் தானாக முதுகுக்குப் பின்னால் போயின. வாய் திறந்தது. ஆ என்று, அகலமாக, அழாமல், எப்போது வேண்டுமானாலும் ஒரு கவளம் வந்து விழும் என்கிற மாதிரி அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனூண்டுப் பிள்ளையிடம் மன்னிப்பு எந்த வார்த்தையில் கேட்பது? ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தால் அதற்கும் பயப்படுவான். அவள் படியில், அவனுக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "நான் கடிக்க மாட்டேன் கண்ணு. வேணும்னா நீயே பாரு" என்றாள். சொல்லிவிட்டு அவளும் வாயைத் திறந்தாள். கோயமுத்தூரில் பட்டப்பகலில், டிகிரி படித்த ஒரு பொம்பளை நாலு பேர் பார்க்க வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். வேர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கவில்லை. அவன் தன் வாயை மூடினான். அம்மாவைப் பார்த்தான். நாகமணி தலையை லேசாக அசைத்தாள். அவன் ஒரு படி இறங்கினான், குனிந்து உள்ளே பார்த்தான், அடைத்த பல்லையும் பார்த்திருப்பான். கை ஒன்று முதுகிலிருந்து வெளியே வந்தது. ஆள்காட்டி விரல், நகத்துக்குள் அழுக்கு, பொரியின் உப்பு. விரல் அவள் கீழ்ப் பல்லின் மேல் வந்து உட்கார்ந்தது. வசுமதி மூச்சு விடவில்லை. தாடை வலித்தது. வலிக்கட்டும் என்று இருந்தாள். ஆதிரை வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டு என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தாள். லோகித் இன்னொரு பல்லைத் தொட்டான், அதற்குப் பக்கத்துப் பல்லையும் தொட்டான். பிறகு விரலை வெளியே எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, சட்டையில் துடைத்துக்கொண்டு திரும்பினான்.

"அம்மா," என்றான், "கடிக்கல."